எஃப்

இரட்டிக்கும் எழுத்துக்கு மென்பொருளே புள்ளி வைத்துவிடும்.
அப்பா, அக்கா, முட்டை, சட்டி,
'புள்ளி' என்ற சொல்லுக்கும் கூட.
மற்ற மெய்களுக்கெல்லாம்
என் இடது சுட்டுவிரல் எஃப் விசையில் இறங்க வேண்டும்.
அந்த விசையின் பெயரை எழுத
அதையே இரண்டு முறை தட்ட வேண்டும்.

ஜாலான் ஈப்போவில், மாடியில், பதினொரு வருடமாக
நீத்தார் அறிவிப்புப் பக்கம் என்னுடையது.
விசைப்பலகையும் என்னுடையது,
முந்நூற்று எண்பத்தொன்பது ரிங்கிட்,
அலுவலகம் தந்ததில் மணிக்கட்டு வலித்ததால்.

புள்ளி எப்போது விழாமல் போனது?
பன்னிரண்டில் ஒன்று, பதினைந்தில் ஒன்று.
பிழை திருத்தும் ஏசுதாசன் விடுப்பில் போன செவ்வாய்க்கிழமை
கட்டம் கட்டி, படத்தோடு, அச்சேறியது:

மருதப்பன் காலமானார

காலை ஏழரைக்கு மகன் கூப்பிட்டார்.
கத்தவில்லை.
"எங்கப்பா பாதியில நிக்கிறாரு, அக்கா."

பிழை எங்களுடையது என்றால்
மறுநாள் இலவசமாகப் போடுவோம்.
அது எங்கள் உத்தரவாதம்.
திரையில் எழுத்துப் பலகையைத் திறந்து
எலியால் ஒவ்வொரு புள்ளியாகக் கொத்தி வைத்து
அவரை அனுப்பினேன்.

பிறகு என் உத்தரவாதத்தைத் தேடினேன்.
ரசீது வெளுத்து வெறும் தாளாகியிருந்தது.
நல்லவேளை, கைப்பேசியில் படம்.
இன்னும் பத்தொன்பது நாள்.

லோயாட்டில் மூன்றாம் மாடி.
சூன் ஹாவ் என்ற பையன், காதில் ஒரு வளையம்,
எஃப்பைத் தட்டினான். வந்தது.
தட்டினான். வந்தது.
ஒன்பது முறை வந்தது.
மருத்துவரைக் கண்டதும் இறங்கும் காய்ச்சல் மாதிரி
விசை அவன் முன்னால் நல்ல பிள்ளை.

"தமிழ்ல இது என்ன செய்யும்?" மலாயில் கேட்டான்.
"எழுத்திலிருந்து உயிரை எடுக்கும்."
எனக்குத் தெரிந்த மலாயில் அப்படித்தான் வந்தது.
அவன் விரலைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டான்.

பிறகு ஒரு சிறு இடுக்கியால்
எஃப்பைப் பிடுங்கினான், மூலையில் இருந்த
ஸ்குரோல் லாக்கைப் பிடுங்கினான்,
இடம் மாற்றிக் குத்தினான்.
பலகையில் கோளாறா, சுவிட்சிலா
என்று இப்படித்தான் பார்ப்பார்களாம்.
மூலையில் தட்டிக்கொண்டே போனான்.
பதினான்காவது வரவில்லை.
"ஹா!" என்றான், தூண்டிலில் மீன் இழுத்தவன் போல.

படிவம் நீட்டினான்.
திரவம் ஏதும் சிந்தியதா? ஆம். இல்லை.

மைலோ. அரைக் குவளை.
ஆனால் வலது பக்கம், எண்கள் பக்கம்,
எஃப் எங்கே அது எங்கே,
உடனே துடைத்தும் விட்டேன்.

'இல்லை'யில் குறியிட்டேன்.
மெய்யெழுத்துக்காக ஒரு பொய்.
ஐயோ, அந்த வரியை அப்போதே யோசித்து
உள்ளுக்குள் சிரித்தும் விட்டேன்,
அது இன்னும் மோசம்.

"நாலு வாரம் ஆகும், ஆண்டி.
அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும்.
ஸ்குரோல் லாக் யாரு அடிக்கிறா?"

ஆறு வாரம் கழித்து ஓர் உறை வந்தது.
உள்ளே புது சுவிட்ச், ஒன்றுக்கு மூன்று.
மேசை இழுப்பறையில், ஸ்டேப்ளர் முள்ளோடு கிடக்கின்றன.

இன்று ஐந்து அறிவிப்பு.
தைப்பிங் ரோசலின். செந்தூல் கண்ணுச்சாமி.
பெயர் வைக்காத ஒரு குழந்தை.
எல்லாவற்றிலும் புள்ளி விழுந்தது,
அழுத்தமாக, ஒன்று தவறாமல்.

குடும்பத்தார் படம் அனுப்பும் வரை
காத்திருக்கும் நேரத்தில்
சில நாள் அந்த மூலை விசையைத் தட்டிப் பார்க்கிறேன்.
ஒலியில் ஒரு குறையும் இல்லை.
மேலே சின்ன விளக்கு எரிகிறது, அணைகிறது, எரிகிறது,
அணைகிறது.
எப்போதாவது
அணைய மறுக்கிறது.